கஞ்சாவுக்கு ஒரு பிரேக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவில், அதிலும் ஒன்ராறியோவில் இருக்கும் வயதுவந்த தமிழர்களை மனதில் வைத்து எழுதிய பக்கம் இது. 2018 அக்டோபர் 17 முதல் இங்கே கஞ்சா சட்டபூர்வமானது. ஒன்ராறியோவில் 19 வயதானவர் கடைக்குள் போய் வாங்கலாம். ஆனால் வாங்கி, பழகி, அளவு ஏறிப்போய், 'கொஞ்ச நாள் விட்டுப் பார்ப்போமா' என்று யோசிக்கும்போது அதைத் தமிழில் கேட்க ஆளில்லை. கீழே உள்ளவை நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவை. நான் வைத்தியர் அல்ல. மருந்து, நோய் என்று வரும் இடங்களில் உங்கள் குடும்ப வைத்தியரிடம்தான் கேட்க வேண்டும்.

'டி பிரேக்' என்று சொல்கிறார்களே, அது என்ன?

'டி' என்பது 'டாலரன்ஸ்', அதாவது உடம்பு பழகிப்போவது. தினமும் அல்லது அடிக்கடி கஞ்சா எடுப்பவர், உடம்பு பழகிப்போனதால் முன்புபோல் ஏறவில்லை என்று கண்டு, சில வாரங்கள் முழுதாக நிறுத்துவது. பிறகு குறைந்த அளவில் திரும்புவார், அல்லது திரும்பாமலே விட்டுவிடுவார். நிரந்தரமாக விடுவதாக யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டியதில்லை. அதனால்தான் 'விடு' என்றால் முறைப்பவர்கள்கூட இதற்குச் சம்மதிக்கிறார்கள்.

உடம்பு ஏன் பழகிப்போகிறது?

கஞ்சாவில் போதை தருவது டிஎச்சி என்ற பொருள். 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெஷூலமும் யெகியேல் கவோனியும் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். நம் மூளையின் நரம்புச் செல்களில் சிபி1 என்ற ஏற்பிகள் இருக்கின்றன. மூளை தானாகச் சுரக்கும் சில பொருள்களுக்காக அமைந்தவை அவை. டிஎச்சியும் அங்கேதான் போய் ஒட்டுகிறது. பசி, நினைவாற்றல், பதற்றம், வலி, நித்திரை என்று பல வேலைகளில் இந்த ஏற்பிகளுக்குப் பங்கு உண்டு.

பக்கத்தில் ஒருவர் ஓயாமல் கத்தினால் நாம் காதைப் பொத்திக்கொள்வோமே, அதுபோல டிஎச்சி நாள்தோறும் வந்துகொண்டிருந்தால் செல்கள் ஏற்பிகளை உள்ளே இழுத்துக்கொள்கின்றன, மிஞ்சியவையும் மந்தமாகின்றன. அதே அளவு எடுத்தாலும் ஏறுவதில்லை. நீங்கள் அளவைக் கூட்டுகிறீர்கள், செல்கள் இன்னும் குறைத்துக்கொள்கின்றன.

2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தினமும் புகைப்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். மூளையின் புறணிப் பகுதிகளில் சிபி1 சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தது. அவர்களில் சிலரை ஏறக்குறைய நான்கு வாரம் கண்காணிப்பில் வைத்து நிறுத்தச் செய்து மறுபடி ஸ்கேன் எடுத்தபோது, பெரும்பாலான பகுதிகளில் ஏற்பிகள் மீண்டிருந்தன. ஹிப்போகாம்பஸ் என்ற, நினைவாற்றலோடு தொடர்புள்ள பகுதி மட்டும் பின்தங்கியிருந்தது.

அப்படியென்றால் எத்தனை நாள் நிறுத்த வேண்டும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். மேலே சொன்ன ஆய்வை வைத்துப் பார்த்தால் நான்கு வாரம். அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகம் தன் மாணவர்களுக்காகத் தயாரித்த வழிகாட்டி 21 நாள் என்கிறது. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட இன்னொரு ஸ்கேன் ஆய்வு சுவாரசியமானது: நிறுத்திய இரண்டே நாளில், கஞ்சா எடுக்காதவர்களுக்கும் இவர்களுக்கும் இடையிலான ஏற்பி வித்தியாசம் கணக்கில் எடுக்கும்படி இல்லாமல் போயிருந்தது.

இதைப் படித்துவிட்டு 'அப்போ ஒரு வீக்கெண்ட் போதும்' என்று கிளம்புகிறவர்கள் உண்டு. அவசரப்படாதீர்கள். இரண்டாம் நாள் என்பது எரிச்சலும் நித்திரையின்மையும் உச்சத்தை நோக்கி ஏறும் நேரம். அங்கே பிரேக்கை முடித்துக்கொண்டால் கஷ்டமான பகுதியை மட்டும் அனுபவித்துவிட்டுப் பலனைப் பாராமல் திரும்பியதாகும். கொழுப்பில் கரையும் பொருளான டிஎச்சி உடம்பின் கொழுப்பில் சேர்ந்திருந்து மெதுவாகத்தான் வெளியேறும் என்பதும் இருக்கிறது. எப்போதாவது எடுப்பவருக்கு ஒரு வாரமே வித்தியாசம் காட்டும். தினமும் எடுப்பவர் மூன்று, நான்கு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், எத்தனை நாள் என்பதைவிடத் திரும்பும் நாளில் எவ்வளவு என்பதுதான் பெரிய விஷயம். அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முழுக்க நிறுத்தாமல் அளவைக் குறைத்தால் போதாதா?

குறைப்பதும் நல்லதுதான். நாளுக்குப் பல தடவை எடுப்பவர், முதலில் காலையை விட்டு, அப்புறம் மத்தியானத்தை விட்டு, இரவுக்கு மட்டும் என்று கொண்டுவந்த பிறகு நிறுத்தினால் முதல் வாரம் அவ்வளவு படுத்தாது. ஆனால் குறைப்பதையே பிரேக் என்று சொல்லிக்கொள்ள முடியாது. கொஞ்சமாகவேனும் தினமும் டிஎச்சி வந்துகொண்டிருக்கும்வரை ஏற்பிகளுக்கு ஓய்வு கிடையாது.

நிறுத்தினால் என்னென்ன வரும்?

'கஞ்சா பழக்கமாகாது, விட்டால் ஒன்றும் செய்யாது' என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு முதல் வாரம் ஆச்சரியமாக இருக்கும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோயறியும் கையேட்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் கஞ்சா நிறுத்தும்போது வரும் தொந்தரவுகளை அதிகாரபூர்வமாகச் சேர்த்தது. எரிச்சல், கோபம், பதற்றம், நித்திரையின்மை, பசியின்மை, இருப்புக்கொள்ளாமை, சோர்ந்த மனநிலை ஆகியவை முக்கியமானவை. சிலருக்குத் தலைவலி, வியர்வை, வயிற்றுவலி, குளிர் நடுக்கமும் வரும்.

முதல் ஒன்று முதல் மூன்று நாளில் தொடங்கி, முதல் வாரத்துக்குள் உச்சம் தொட்டு, இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். எல்லோருக்கும் வருவதில்லை. நாள்தோறும், பல வருடமாக, வலுவான சரக்கு எடுத்தவர்களுக்கே அதிகம். கடும் குடிகாரர் திடீரென்று சாராயத்தை நிறுத்தினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கஞ்சாவில் அந்தப் பயம் இல்லை. ஆனால் மனம் மிகவும் தாழ்ந்து, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் பிரேக்கைப் பற்றிக் கவலைப்படாமல் உடனே உதவி கேளுங்கள். கனடா முழுவதும் 988 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

நித்திரையே வரவில்லை. வந்தாலும் பயங்கரக் கனவு. ஏன்?

நாம் அதிகம் கனவு காணும் உறக்க நிலையை டிஎச்சி அமுக்கிவைக்கும். நீண்ட நாள் எடுப்பவர்கள் பலர் 'எனக்குக் கனவே வருவதில்லை' என்பார்கள். நிறுத்தியதும் மூளை அந்தப் பாக்கியை வட்டியோடு வசூலிக்கிறது. செத்துப்போன தாத்தா, எழுதாத பரீட்சை, ஊர்ச் சண்டை என்று தெளிவான, நீளமான, சில நேரம் வியர்த்து எழவைக்கும் கனவுகள். மூளை பழைய ஒழுங்குக்குத் திரும்புவதன் அடையாளம் இது, பயப்பட ஒன்றுமில்லை.

நித்திரைக் குழப்பம்தான் மற்றத் தொந்தரவுகளைவிட நீண்டு இழுக்கும். சிலருக்குச் சில வாரங்கள்கூட ஆகும். பிரேக்கை உடைப்பவர்களில் மிகப் பலர் மூன்றாம், நான்காம் இரவில், விடியற்காலை இரண்டு மணிக்கு மேல் உடைக்கிறார்கள். அதனால் அந்த இரவுகளுக்கு முன்கூட்டியே திட்டம் வேண்டும். அந்த இரவுகளுக்கு மறுநாள் வேலை இல்லாதபடி பார்த்துத் தொடங்குங்கள். மத்தியானத்துக்குப் பிறகு கோப்பியும் தேத்தண்ணியும் வேண்டாம். பகலில் உடம்பை நன்றாகக் களைக்கவையுங்கள். படுத்து வெகுநேரம் வரவில்லையென்றால் புரண்டுகொண்டிருக்காமல் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் எதையாவது வாசியுங்கள். எத்தனை மணிக்கு உறங்கினாலும் எழும் நேரத்தை மாற்றாதீர்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் நித்திரை மாத்திரைகளை நீங்களாக வாங்கித் தினமும் போடுவதை நான் விரும்ப மாட்டேன். மருந்தாளரிடமாவது ஒரு வார்த்தை கேளுங்கள்.

சாப்பாடு இறங்கவில்லையே?

சில நாளில் சரியாகும். அதுவரை கஞ்சி, ரசம், தயிர்ச்சோறு, வாழைப்பழம் என்று இலகுவானதைக் கொஞ்சம் கொஞ்சமாக. தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள்.

நான் புகையிலை கலந்துதான் சுற்றுவேன். அதனால் ஏதும் வித்தியாசமா?

பெரிய வித்தியாசம். நம் ஆட்களில் பலர் சிகரெட்டைப் பிரித்து அதன் தூளோடு கலந்துதான் சுற்றுகிறார்கள். ஆனால் 'சிகரெட் குடிப்பீர்களா' என்று வைத்தியர் கேட்டால் இல்லை என்பார்கள். இவர்கள் கஞ்சாவை நிறுத்தும் அன்றே நிகோட்டினையும் சேர்த்து நிறுத்துகிறார்கள், தங்களுக்கே தெரியாமல். நிகோட்டின் நிறுத்தும்போது வரும் எரிச்சலும் பதற்றமும் முதல் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். கஞ்சாவின் தொந்தரவும் ஏறுவது அதே நாள்களில்தான். 'கஞ்சா இல்லாமல் என்னால் இருக்கவே முடியவில்லை' என்று சொல்கிற சிலருக்கு உண்மையில் வேண்டியிருந்தது நிகோட்டின்.

இரண்டு வழி உண்டு. பிரேக்குக்குச் சில வாரம் முன்பே புகையிலை கலப்பதை நிறுத்திவிடுவது ஒன்று. இல்லையென்றால் மருந்துக்கடையில் நிகோட்டின் பட்டையோ சுயிங்கமோ வாங்கி வைத்துக்கொண்டு இரண்டையும் சேர்த்து நிறுத்துவது. ரொறன்ரோவின் கேம்எச் மனநல மருத்துவமனை நடத்தும் 'ஸ்டாப்' என்ற திட்டத்தில் ஒன்ராறியோவாசிகளுக்கு இவை இலவசமாகக் கிடைக்கின்றன. எது வேண்டாம் என்றால், கஞ்சா இல்லாத மூன்று வாரத்தை வெறும் சிகரெட்டால் நிரப்புவது.

அதற்குப் பதிலாக இரண்டு பியர்?

வேண்டாம். நித்திரையை இன்னும் கெடுக்கும், எரிச்சல் மறுநாள் கூடும். ஒரு பழக்கத்துக்கு ஓய்வு கொடுக்கப் போய் இன்னொன்றை ஏற்றிவிட்டவர்களைக் கண்டிருக்கிறேன்.

சிபிடி எண்ணெய் எடுக்கலாமா?

சிபிடி என்பது கஞ்சாவில் உள்ள இன்னொரு பொருள். அது போதை தராது, சிபி1 ஏற்பியை டிஎச்சிபோல் தூண்டாது. ஆனால் கடையில் உள்ள பல சிபிடி எண்ணெய்களில் கொஞ்சம் டிஎச்சியும் இருக்கும். லேபிளில் இரண்டு எண்ணையும் பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் வலிப்பு மருந்து எடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்காமல் சிபிடியைத் தொடக்கூடாது.

வீட்டில் அம்மா, அப்பாவுக்குத் தெரியாது. கத்திவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

இருபத்தைந்து, முப்பது வயதிலும் பெற்றோருடன் ஒரே வீட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது உண்மையான சிக்கல். முழுதும் சொல்ல முடியாவிட்டால் உண்மையின் ஒரு பகுதியைச் சொல்லலாம்: 'அம்மா, எனக்கு இந்தக் கிழமை நித்திரை சரியில்லை, கொஞ்சம் எரிச்சலாக இருப்பேன், உங்கள் மேல் கோபம் இல்லை.' இவ்வளவு போதும். கேள்வி வரத்தான் செய்யும், கூடவே ஒரு டம்ளர் மஞ்சள் பாலும் வரும். அண்ணனிடமோ அக்காவிடமோ ஒரு மச்சானிடமோ மட்டும் முழு விஷயத்தையும் சொல்லி வைத்திருந்தால் அந்த மூன்றாம் இரவில் தட்டி எழுப்ப ஓர் ஆள் இருக்கும்.

என் தம்பி பிரேக் எடுக்கிறான். நான் என்ன செய்யலாம்?

'இன்றைக்கு எத்தனையாவது நாள்' என்று விசாரித்துக்கொண்டிருக்காதீர்கள். மாலையில், வழக்கமாக அவன் எடுக்கும் நேரத்தில், நடக்கவோ கடைக்கோ கூட்டிக்கொண்டு போங்கள். உடைத்துவிட்டான் என்றால் மறுநாள் திரும்பத் தொடங்கலாம் என்று சொல்லுங்கள், பேச்சை அங்கேயே விடுங்கள்.

கையில் மிச்சம் இருப்பதை என்ன செய்வது?

கண்ணில் படாமல் வையுங்கள், முடிந்தால் வீட்டிலேயே வேண்டாம். வயதுவந்த நண்பருக்கு 30 கிராம் வரை சும்மா கொடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. விற்கத்தான் கூடாது. கஞ்சா கலந்த கம்மி மிட்டாயாக இருந்தால் பூட்டி வையுங்கள். குழந்தைகளுக்கு அதற்கும் கடை மிட்டாய்க்கும் வித்தியாசம் தெரியாது.

வேலைக்குச் சிறுநீர்ப் பரிசோதனை இருக்கிறது. எத்தனை நாளில் சுத்தமாகும்?

ஒரே ஒரு தடவை எடுத்தவருக்குப் பெரும்பாலும் சில நாள். தினமும் எடுத்தவருக்கு 30 நாளும் அதற்கு மேலும் காட்டலாம். பரிசோதனை தேடுவது டிஎச்சியை அல்ல, உடம்பு அதைச் சிதைத்தபின் மிஞ்சும் பொருளை. அது கொழுப்பிலிருந்து மெல்ல வடிந்துகொண்டே இருக்கும். 'டீடொக்ஸ்' பானம், வினாகிரி, எலுமிச்சை எதுவும் அதை வேகப்படுத்தாது. நியாசின் என்ற விட்டமின் மாத்திரையை அள்ளி விழுங்கிக் கல்லீரலைக் கெடுத்துக்கொண்டவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். நாள்தான் மருந்து.

நான் மருந்தாக எடுக்கிறேன். எனக்கும் பிரேக் வேண்டுமா?

வலிப்பு, கீமோவுக்குப் பிந்தைய குமட்டல், நாள்பட்ட வலி என்று வைத்தியர் எழுதிக்கொடுத்து எடுப்பவர் நீங்களாக நிறுத்தக் கூடாது. இன்னொன்று: ஓலன்சபின், குளோசபின் போன்ற மனநல மருந்துகள் எடுப்பவர் புகைப்பதைத் திடீரென்று நிறுத்தினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறலாம். முன்கூட்டியே சொன்னால் வைத்தியர் அளவைச் சரிசெய்வார்.

அடிக்கடி வாந்தி வருகிறது, சுடுதண்ணீரில் குளித்தால்தான் நிற்கிறது. பிரேக் எடுத்தால் சரியாகுமா?

தயவுசெய்து மருத்துவமனைக்குப் போங்கள், கஞ்சா எடுப்பதை மறைக்காதீர்கள். பல வருடம் அடிக்கடி எடுப்பவர்களில் சிலருக்கு வரும் வாந்திநோய் இது; 2004இல் தெற்கு ஆஸ்திரேலிய வைத்தியர்கள் முதலில் விவரித்தார்கள். மணிக்கணக்கில் சுடுதண்ணீரில் நிற்பது அதன் விசித்திரமான அடையாளம். இதற்குச் சில வார பிரேக் போதாது. நிறுத்தினால் நிற்கும், திரும்பத் தொடங்கினால் திரும்ப வரும்.

டிசம்பரில் ஊருக்குப் போகிறேன். அதையே பிரேக்காக வைத்துக்கொள்ளலாமா?

நல்ல யோசனை. சூழல் மாறும், கூட்டாளிகள் மாறுவார்கள், வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். ஆனால் கடைசி நாள்வரை எடுத்துவிட்டு விமானம் ஏறாதீர்கள். இல்லையென்றால் உச்சகட்ட எரிச்சல் சரியாகப் பெரியம்மா வீட்டு விருந்தில் வரும். ஒரு வாரம், பத்து நாள் முன்பே நிறுத்துங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். கனடாவிலிருந்து கஞ்சாவை எல்லை தாண்டிக் கொண்டுபோவதே குற்றம், போகும் நாட்டில் சட்டபூர்வமாக இருந்தாலும். இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா வைத்திருப்பதும் எடுப்பதும் குற்றம். இலங்கையிலும் அப்படித்தான். துபாய், தோகா வழியாகப் போனால் விமானம் மாறும் சில மணி நேரத்துக்கும் அந்த நாட்டுச் சட்டம் பொருந்தும். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கனடாவில் படிக்க வந்து இங்கே எடுத்திருந்தாலும், திரும்பியபின் பரிசோதனையில் தெரிந்தால் அங்கே வழக்கு உண்டு. உங்கள் குளிர்ச் சட்டைப் பை, கைப்பை அடி, பழைய வேப் பேனா எல்லாவற்றையும் புறப்படும் முன் கொட்டிப் பாருங்கள்.

பிரேக் முடிந்தது. எப்படித் திரும்புவது?

இங்கேதான் பெரும்பாலான பிரேக்குகள் வீணாகின்றன. பழைய அளவு கையில் பழகியிருக்கும், உடம்போ புதிதாக இருக்கும். விளைவு: நெஞ்சு படபடப்பு, பயம், தலைச்சுற்றல், சில நேரம் அவசர சிகிச்சைப் பிரிவு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்று ஒன்ராறியோ கடைகளில் 20 முதல் 30 சதவீத டிஎச்சி உள்ள காய்ந்த கஞ்சாப் பூ சர்வசாதாரணம். 25 சதவீதப் பூவில் அரை கிராம் சுற்றினால் அதற்குள் 125 மில்லிகிராம் டிஎச்சி. எரிந்து போனது போக அதில் ஒரு பகுதிதான் உடம்பில் சேரும் என்றாலும், 1990களின் நடுவில் அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவில் சராசரி 4 சதவீதமே இருந்தது.

ஆகவே புகைப்பதானால் வலுக்குறைந்த பூ, ஒரே ஒரு இழுவை, பிறகு கால் மணி நேரம் பொறுமை. கம்மி மிட்டாயானால் 2.5 மில்லிகிராம். ஒன்ராறியோவில் ஒரு பொட்டலத்துக்கு 10 மில்லிகிராம்தான் உச்சவரம்பு, எனவே கால் பங்கு. வாயால் எடுப்பது ஏற அரை மணி முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும்; 'ஒன்றும் செய்யவில்லையே' என்று இரண்டாவதைப் போடுவதுதான் எல்லாக் கெட்ட இரவுகளின் தொடக்கம். அன்று கார்ச் சாவியைத் தொடவே வேண்டாம். ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 2 நானோகிராம் டிஎச்சி இருந்தாலே குற்றம், ஒன்ராறியோவில் 21 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கும், புதிதாக ஓட்டுபவர்களுக்கான ஜி1, ஜி2 அனுமதிக்காரர்களுக்கும் அறவே இருக்கக் கூடாது.

அடுத்தது, எத்தனை நாளுக்கு ஒருமுறை. தினசரிக்குத் திரும்பினால் சில வாரத்தில் பழைய இடத்துக்கே வந்துவிடுவீர்கள். ஆபத்தைக் குறைத்து எடுப்பதற்கான கனேடிய வழிகாட்டல் வாரத்தில் ஒருநாள் அல்லது வார இறுதி மட்டும் என்கிறது. அதைக் கடைப்பிடிப்பவருக்கு அடுத்த பிரேக்குக்குத் தேவையே வராமல் போகலாம்.

யார் திரும்பவே கூடாது?

கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், தனக்கோ நெருங்கிய குடும்பத்திலோ மனச்சிதைவு போன்ற நோய் உள்ளவர்கள், இதய நோயாளிகள். இருபத்தைந்து வயதுக்குள் இருப்பவர்களும் யோசிக்க வேண்டும். மூளை அதுவரை வளர்ந்துகொண்டிருக்கிறது.

மூன்று தடவை தொடங்கி மூன்று தடவையும் முதல் வாரத்திலேயே உடைத்துவிட்டேன். இப்போது?

முதலில் எதனால் உடைந்தது என்று பாருங்கள். நித்திரையா, நிகோட்டினா, ஒரு குறிப்பிட்ட கூட்டாளியா? அதை மட்டும் மாற்றி மறுபடி முயலலாம். அப்படியும் முடியவில்லை, வேலையும் உறவும் அடிபடுகிறது, காசு எங்கே போகிறது என்று சொல்ல முடியவில்லை என்றால் இதற்கு பிரேக் போதாது, சிகிச்சை வேண்டும். ஒன்ராறியோவில் கொனெக்ஸ் ஒன்ராறியோவின் 1-866-531-2600 இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம். உங்கள் பகுதியில் எங்கே போகலாம் என்று சொல்வார்கள், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம். இந்தியாவில் இருந்து வாசிப்பவர்களுக்குப் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416. மனம்விரும்பிச் சிகிச்சைக்கு வருபவர் மேல் வழக்குத் தொடராமல் இருக்க அந்த நாட்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு வழி வைத்திருக்கிறது. நிபந்தனைகளை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.